ஆன்ஸி வந்த டிசம்பர்

டிசம்பர் 3, புதன்

ஆன்ஸி வந்துவிட்டாள். தார் எஸ் ஸலாமிலிருந்து வரும் சின்ன விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். நாங்கள் இருக்கும் ம்த்வாராவின் விமான நிலையத்தில் ஒரே ஒரு மின்விசிறி. அதன் கீழே நானும் டென்னிசனும் நின்றுகொண்டிருந்தோம். அவர் நாலு தடவை சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

அப்பாவின் தோளுக்கு மேலே வளர்ந்திருக்கிறாள். பதினெட்டு வயது. என்னைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டாள். சித்தி என்று முறை சொல்லிக் கூப்பிடவில்லை. பரவாயில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அவள் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. அவளைக் கூப்பிடலாமா என்று ஒவ்வொரு டிசம்பரிலும் டென்னிசன் கேட்பார். ஒவ்வொரு டிசம்பரிலும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும். ஒரு வருஷம் எனக்கு உடம்பு சரியில்லை. ஒரு வருஷம் வீட்டில் பெயிண்ட் அடித்தோம். இந்த வருஷம் அவர் என்னிடம் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டுச் சொன்னார்.

சாமான் அறையை ஒழித்து, புது ஜன்னல் துணி போட்டு வைத்திருந்தேன். சீலா மீன் குழம்பு வைத்தேன். இரண்டு கரண்டி சோறு சாப்பிட்டாள். “நல்லா இருக்கு” என்றாள்.

டிசம்பர் 5

காலையில் வாந்தி எடுத்தாள். மலேரியா வராமல் இருக்க ஊரில் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறாராம். தினமும் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டிருக்கிறாள்.

“நாங்க யாரும் அதெல்லாம் போடறதில்ல. ஆறு வருஷமா நல்லாத்தானே இருக்கோம்” என்றேன்.

“அப்ப நிறுத்திரட்டா?”

“உன் இஷ்டம்” என்றேன். மாத்திரை அட்டையை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். மதியம் நன்றாகச் சாப்பிட்டாள். நான் சொன்னதைக் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

டிசம்பர் 8

இங்கே பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிள்ளையின் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். வீட்டு வேலைக்கு வருகிறவளின் சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மூத்த மகன் ஜுமா, அதனால் அவள் மாமா ஜுமா. சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. என்னை வெறும் மாமா என்று மட்டும் கூப்பிடுவாள், பின்னால் சேர்க்கப் பெயர் எதுவும் இல்லாததால்.

இன்று காலை தேங்காய் துருவிக்கொண்டே, “மாமா ஆன்ஸி, சர்க்கரை தீர்ந்துபோச்சு” என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். ஆன்ஸியும் பார்த்தாள்.

“அது எங்க அம்மா பேரு” என்றாள் ஆன்ஸி. தமிழில் சொன்னாள். மாமா ஜுமாவுக்குப் புரியவில்லை, சிரித்தாள்.

அவள் அம்மா ஹெலன் இறந்தபோது ஆன்ஸிக்கு ஏழு வயது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சர்க்கரை வாங்க நானே கடைக்குப் போனேன். நடந்தே போனேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

நல்ல நாள். சுவாஹிலி ஆராதனை முடிந்து மூன்று பேரும் கடற்கரைக்குப் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆன்ஸி மாங்காயில் மிளகாய்த்தூள் தொட்டுத் தின்று, கண்ணில் நீர் வர வர இன்னொன்று கேட்டாள். டென்னிசன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் வாசலில் கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டினோம். அவர் ஸ்டூலில் ஏற, அவள் வயரைப் பிடிக்க, நான் கீழே நின்று இடம் வலம் சொன்னேன். “இன்னும் கொஞ்சம் மேல, சரி சரி, அங்கதான்” என்று நான் சொல்ல, அவளும் அதையே என் குரலில் சொல்லிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இருபத்துநாலாம் தேதி இந்த ஊரில் இருக்கும் ஐந்து தமிழ்க் குடும்பங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். இருபத்திரண்டு பேர். இதுவரை நாங்கள்தான் மற்ற வீடுகளுக்குப் போயிருக்கிறோம். இந்த வருஷம் எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கிறது.

டிசம்பர் 16

டென்னிசன் கிளம்பிவிட்டார். அவர் வேலை பார்க்கும் முந்திரிக் கம்பெனிக்கு வரத்து உச்சத்தில் இருக்கும் நேரம். உள்நாட்டுக் கிடங்குகளைப் பார்த்துவிட்டு இருபத்திரண்டாம் தேதி திரும்புவார். அங்கே மழை, போன் கிடைப்பது சந்தேகம் என்றார். வண்டியில் ஏறும்போது, “பிள்ளைய பாத்துக்க” என்றார். நான் என்ன பார்த்துக்கொள்ளாமலா இருக்கிறேன்?

முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கேக். மூன்றும் நானே செய்வதாகத் திட்டம். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்து ஆற வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 18

இன்று முந்திரிக்கொத்து உருட்ட வேண்டும் என்று நேற்றே ஆன்ஸியிடம் சொல்லியிருந்தேன். அவளும் சரி என்றாள். பாகு காய்ச்சி, மாவைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டுமே என்று கூப்பிட்டால், கட்டிலில் படுத்துக் கிடக்கிறாள்.

“தல வலிக்கி. மேலெல்லாம் வலிக்கி.”

“வெயில்ல திரிஞ்சா வலிக்கத்தான் செய்யும். எழும்பி வா, சரியாயிரும்.”

வந்தாள். நாலு உருண்டை பிடித்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டாள். மீதி நூற்றுப்பத்தையும் நான் ஒருத்தியே உருட்டினேன். ஊரில் அவளை வளர்க்கிற அத்தை வீட்டில் என்றால் இப்படிப் போவாளா?

டிசம்பர் 19

பன்னிரண்டு மணிவரை எழும்பவில்லை. போய்ப் பார்த்தால் கம்பளி கேட்கிறாள். இந்த ஊர் டிசம்பரில், நான் வேர்த்து ஊற்றி அடுப்படியில் நிற்கும்போது, கம்பளி! கொடுத்தேன். பல் கிடுகிடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து எல்லாவற்றையும் உதைத்துத் தள்ளிவிட்டு வேர்த்துப்போய்க் கிடந்தாள். காய்ச்சல் மாத்திரை ஒன்று கொடுத்தேன்.

மாமா ஜுமா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, “ஹோமா” என்றாள். இங்கே காய்ச்சலுக்கு அதுதான் சொல். ரத்தம் சோதிக்க வேண்டும் என்று விரலில் குத்துவதுபோல் செய்து காட்டினாள். இவளுக்கு எதற்கெடுத்தாலும் ஹோமாதான். சின்ன ஜலதோஷத்துக்கும் அதையே சொல்வாள்.

அச்சுமுறுக்கு நன்றாக வந்தது. ஒன்றுகூட உடையவில்லை.

டிசம்பர் 20

காலையில் ஆன்ஸிக்குக் காய்ச்சல் இல்லை. கஞ்சி குடித்தாள். நான் சொன்னது சரியாகப் போயிற்று, வெயில் சூடுதான்.

மதியத்துக்கு மேல் மறுபடி கொஞ்சம் சுட்டது. என்னிடம் வந்து ஏதோ கேட்டாள். அப்பா வரட்டும் என்றேன்.

டிசம்பர் 21

கேக் அடியில் பிடித்துவிட்டது. இன்னொன்று செய்ய வேண்டும்.

டிசம்பர் 22

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கைப்பையில் இந்த டைரியும் பேனாவும் மட்டும்தான் இருந்தன.

டென்னிசன் பத்து மணிக்கு வந்தார். பை நிறைய அன்னாசிப்பழம். “மக்ளே” என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் அறைக்குள் போனார். பிறகு, “ஷீபா! ஷீபா!” என்று கத்தினார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கத்தியதே இல்லை.

ஆன்ஸி கண்ணைத் திறந்துதான் இருந்தாள். கண் மஞ்சளாக இருந்தது. “அம்மா, வண்டி போயிரும், வண்டி போயிரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவைத் தெரியவில்லை. அவர் அவளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடினார். மாமா ஜுமா செருப்புக்கூடப் போடாமல் கேட்டைத் திறந்தாள்.

டாக்டர் ஒரு பெண். நேமா என்று பெயர், நாற்பது வயது இருக்கும். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் மலேரியா என்றார்கள். மூளையைத் தொட்டுவிட்டது என்றார்கள்.

“காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது?” என்று டாக்டர் கேட்டார்.

டென்னிசன் என்னைப் பார்த்தார்.

“நேத்து சாயங்காலம்” என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

டிசம்பர் 23

நரம்பில் மருந்து ஏறுகிறது. சிறுநீர் கறுப்பாக இருக்கிறது. இரண்டு தடவை வலிப்பு வந்தது. இரண்டாவது தடவை டென்னிசன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல், “ஒண்ணுமில்ல மக்ளே, ஒண்ணுமில்ல மக்ளே” என்றார்.

டாக்டர் நேமா மறுபடி வந்து எங்கள் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார். “ஒரே நாளில் ரத்தத்தில் கிருமி இவ்வளவு பெருகாது. நாலைந்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.”

நான் யோசிப்பதுபோல் நின்றேன்.

டென்னிசன் சொன்னார்: “இல்லை டாக்டர். என் மனைவி வீட்டில்தான் இருந்தாள். கூடவே இருந்தாள். அவளுக்குத் தெரியாமல் போகாது.”

எனக்காக அவர் யாரிடமும் இப்படி உறுதியாகப் பேசியதில்லை. ஆறு வருஷமாக நான் காத்திருந்தது இதற்குத்தானா என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நினைக்கிற நினைப்பா அது?

டிசம்பர் 24

இன்று இருபத்திரண்டு பேர் வருவதாக இருந்தது. எல்லோருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். துறைமுகத்தில் வேலை பார்க்கும் எபனேசர் சாரும் அவர் மனைவி வத்சலா அக்காவும் இட்லி கொண்டுவந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை.

இருபதாம் தேதி இந்த டைரியில் எழுதாததை இப்போது எழுதுகிறேன்.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஆன்ஸி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசல்வரை வந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. “சித்தி, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள். சித்தி என்று சொன்னாள். வந்து பதினேழு நாளில் முதல் தடவை. அது என் காதில் விழுந்தது. காரியம் ஆக வேண்டும் என்றதும் முறை தெரிகிறது பார் என்று நினைத்தேன். அதுதான் நினைத்தேன். மாற்றி எழுத மாட்டேன்.

“நாடகம் போடாதே ஆன்ஸி. ரெண்டு நாள்ல அப்பா வந்துருவாங்க. அவங்ககிட்ட சொல்லு” என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. இருபத்தொன்றாம் தேதி முழுவதும் மாமா ஜுமாதான் அவளுக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதி முடித்ததும் எழுந்து போனேன். டென்னிசன் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“இஞ்ச பாருங்க. காய்ச்சல் வந்தது நான் சொன்ன மாதிரி இருபத்தொண்ணாம் தேதி இல்ல. பதினெட்டாம் தேதியே வந்தாச்சு.”

அவர் நிமிர்ந்தார்.

“ரத்தம் பாக்கணும்னு மாமா ஜுமா சொன்னா. நான் கேக்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அவளே இருபதாம் தேதி எங்கிட்ட கேட்டா. நான் கூட்டிட்டு வரல. ஊர்ல குடுத்த மாத்திரையையும் நான்தான் நிறுத்தச் சொன்னேன்.”

திட்டுவார் என்று நின்றேன். அடித்தாலும் நின்றிருப்பேன். அவர் எழுந்து நேரே டாக்டர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. அவர் சொல்வது எனக்குக் கேட்டது. “ஆறு நாள், டாக்டர். நேற்று நான் சொன்னது தப்பு. ஆறு நாள் ஆகிறது.” நான் சொன்னது தப்பு என்றுதான் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை.

திரும்பி வந்து, பெஞ்சில் வேறு இடத்தில் உட்கார்ந்தார்.

டிசம்பர் 25, வியாழன்

இன்று கிறிஸ்மஸ் பெருநாள்.

காலையில் டென்னிசன் தரையைப் பார்த்துக்கொண்டே, “நீ வீட்டுக்குப் போ. நான் இருக்கேன்” என்றார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

வீட்டில் டப்பாக்கள் வரிசையாக மேசைமேல் இருந்தன. மூடிகளில் எறும்பு. பின்கட்டில் மாமா ஜுமா ஆன்ஸியின் கம்பளியையும் விரிப்புகளையும் துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் முஸ்லிம், ஆனாலும் இன்று அவளுக்கு விடுமுறை கொடுத்திருந்தேன். என்னைப் பார்த்து எழுந்து, ஈரக் கையோடு நின்றாள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

தெரியாது என்று கையை விரித்தேன். அவள் திரும்பிப் போய்த் துவைக்க உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து விரிப்பின் இன்னொரு நுனியைப் பிடித்து முறுக்கினேன். இவள் சொன்னதைக் கேட்காமல் விட்டதற்கு இவளிடம் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த சுவாஹிலியில் மன்னிப்புக் கேட்டேன். ‘சமஹானி.’ கடையில் யார் மீதாவது இடித்துவிட்டால் சொல்கிற சொல்தான் அது. அதுதான் எனக்குத் தெரியும்.

அவள் துணியை என் கையிலிருந்து வாங்கி உதறினாள்.

டிசம்பர் 26

காய்ச்சல் இறங்கியிருக்கிறது என்று வத்சலா அக்கா போன் செய்து சொன்னார். டென்னிசன் போன் செய்யவில்லை.

டிசம்பர் 27

ஆன்ஸி கண் விழித்துவிட்டாள். அப்பா என்றாளாம். தண்ணீர் கேட்டாளாம்.

நான் கஞ்சி கொண்டுபோனேன். டென்னிசன் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் கை குச்சியாக இருந்தது, ஊசி போட்ட இடமெல்லாம் நீலம். ஸ்பூனை வாயருகே கொண்டுபோனேன். இரண்டு வாய் குடித்தாள்.

“அப்பாட்ட சொல்லிட்டீங்களாமே.”

“ஆமா.”

“எதுக்கு? நான் சொல்லலையே.”

“நீ ஏன் சொல்லல?”

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“சொன்னா அப்பா உங்கள விட்டுருவாங்க. அப்புறம் அவங்க இங்க தனியாத்தான் கெடக்கணும். அதான்.”

எனக்காக இல்லை என்று அவள் சொன்னது தெளிவாகவே கேட்டது. கஞ்சி முழுவதையும் கொடுத்து முடித்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டாள்.

டிசம்பர் 31

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து நாளாவது ஓய்வு வேண்டும் என்று டாக்டர் நேமா சொன்னார். கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, “இனிமேல் காய்ச்சல் என்றால் அன்றைக்கே வாருங்கள். எந்தக் காய்ச்சலானாலும்” என்றார். திட்டுகிற குரல் இல்லை. ஒரு நாளைக்கு இருபது அம்மாக்களிடம் சொல்கிற குரல்.

டென்னிசன் ஆன்ஸியின் அறைத் தரையில் பாய் போட்டுப் படுக்கிறார். என்னிடம் பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார்.

ஜனவரி 2

ஆன்ஸி கேட்டாள் என்று இன்று கிறிஸ்மஸ் கொண்டாடினோம். “இதுக்குத்தானே வந்தேன்” என்றாள். டென்னிசன் தானே கோழி வாங்கிவந்து தானே குழம்பு வைத்தார். நான் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம். அவர் ஜெபம் ஆரம்பித்தார். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம் என்றார். ஆமென்கூடச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். கடைசியில் ஆன்ஸி ஆமென் என்றாள். சாப்பிட்டோம்.

பாதிச் சாப்பாட்டில் அவர் அவளிடம், “பத்தாம் தேதி நானும் உங்கூட வாரேன் மக்ளே. கொஞ்ச நாள் ஊர்ல இருக்கப் போறேன்” என்றார்.

“எவ்வளவு நாள்?” என்று நான் கேட்டேன். அவர் கோழியெலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“நீங்க வர வேண்டாம்” என்றாள் ஆன்ஸி. “வத்சலா ஆன்ட்டி அதே பிளைட்ல வாராங்க. நான் அவங்களோட போயிருவேன்.”

“மக்ளே, நீ சும்மா இரு.”

“நீங்க என்னைப் பாத்துக்க வரல. இவங்கள விட்டுட்டு ஓடுறதுக்கு வாரீங்க. அதுக்கு என்னைச் சாக்கு சொல்லாதீங்க.”

பதினெட்டு வயதுப் பிள்ளை. எழுந்து நின்றால் கால் ஆடுகிறது. இதைச் சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். டென்னிசன் கை கழுவ எழுந்து போனார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனவரி 10

அவளை அனுப்பிவிட்டு வந்தோம். வத்சலா அக்கா பையைத் தூக்கிக்கொண்டார். ஆன்ஸி அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னிடம் வந்து, “வாரேன்” என்றாள். முறை சொல்லவில்லை. தலையைத் தொடலாம் என்று கையை எடுத்தேன், பிறகு இறக்கிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். போய்விட்டாள்.

டென்னிசன் போகவில்லை. எனக்காக நின்றாரா, அவள் சொன்னதற்காக நின்றாரா என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வண்டியை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியில் தண்ணீர் வழிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். பதினேழு நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அவ கேட்டப்ப, நீ என்ன செஞ்சிட்டு இருந்தே?”

வாய்க்கு வந்த பதில்கள் இரண்டு மூன்று இருந்தன. அடுப்பில் எண்ணெய் கொதித்தது என்று சொல்லலாம். எனக்கும் உடம்பு முடியாமல் இருந்தது என்று சொல்லலாம்.

“கேக்குக்குப் போட முந்திரி நறுக்கிட்டு இருந்தேன். வேற வேலை ஒண்ணும் இல்ல. உக்காந்துதான் இருந்தேன்.”

அவர் தலையாட்டினார். மழை கொஞ்சம் விட்டதும் வண்டியைக் கிளப்பினார். வீடு வரும்வரை வேறு எதுவும் கேட்கவில்லை.

இன்னும் கேட்பார். நாளைக்கோ, சாப்பிடும்போதோ, பத்து வருஷம் கழித்தோ கேட்பார். கேட்கும்போதெல்லாம் இதையேதான் சொல்ல வேண்டும்.